"குழந்தைக்கு எல்லாம் இருக்கு மேடம்" என்றார்கள், நம்பிப் போனோம்

கைக்குழந்தையோடு வெளியே சாப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன வாரம் எங்கள் கல்யாண நாள். பாப்பாவுக்கு 9 மாதம். அவள் பிறந்ததிலிருந்து நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. சரி, ஒரு நாளாவது போகலாம் என்று ஒரு ரெஸ்டாரண்டுக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்தேன். ஹை சேர், அதாவது குழந்தை உட்காரும் உயர நாற்காலி இருக்கிறதா, பால் பாட்டிலைச் சூடு பண்ண வெந்நீர் தருவீர்களா, டயப்பர் மாற்ற இடம் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு மேடம், தாராளமா வாங்க" என்று பதில் வந்தது. அந்த "எல்லாம்" என்ற ஒரு சொல்லில்தான் ஏமாந்தேன்.

எங்களுக்குக் கொடுத்த டேபிள் சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. ஆவி பறக்கும் தட்டுகளோடு சர்வர்கள் ஓயாமல் பாப்பாவின் தலைக்கு மேலே போய்வந்தார்கள். ஹாலில் பாதி டேபிள் காலி. மாற்றிக் கேட்டால், "இதுதான் மேடம் ஃபேமிலி டேபிள்" என்றார்கள். குழந்தை அழுதால் மற்றவர்கள் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஹை சேர் வந்தது. இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஒரு பக்கம் உடைந்திருந்தது. இரண்டு காலுக்கும் நடுவில் வர வேண்டிய பட்டையைக் காணவே காணோம். எடுத்து வந்தவர் மேசைத் துணி ஒன்றை முறுக்கி பாப்பாவின் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, "எல்லாரும் இப்படித்தான் உட்கார வைக்கிறாங்க" என்றார். பலருக்கும் தெரியாது, அந்த நடுப்பட்டைதான் முக்கியமானது. அது இல்லாவிட்டால் குழந்தை வழுக்கிக் கீழே இறங்கும். உடம்பு முன்னால் இருக்கும் டிரேக்கு அடியில் போய், கழுத்து மேலே மாட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மெனுவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், பாப்பாவின் தாடை டிரேயின் விளிம்பில் இருக்கிறது. சத்தம்கூடப் போடவில்லை, கண்ணை மட்டும் அகலமாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். அப்புறம் இன்னொருவர் வந்து, ஹை சேரைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல், காரில் குழந்தையை உட்கார வைக்கும் கார் சீட்டை வைக்கலாமே என்று யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கார் சீட்டைத் தாங்குவதற்காகச் செய்த நாற்காலி இல்லை அது. யார் காலாவது தட்டினால் குழந்தையோடு சேர்ந்து சாயும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பால் பாட்டில் விஷயத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கூட்டத்தில் பாப்பா நேரடியாகக் குடிக்க மாட்டாள், வேடிக்கை பார்த்துக்கொண்டே இருப்பாள். அதனால் தாய்ப்பாலைப் பிழிந்து ஐஸ் பையில் எடுத்துப் போயிருந்தேன். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் மட்டும் கொடுங்கள், நானே சூடு பண்ணிக்கொள்கிறேன் என்றேன். பரிமாறிய பையன், "குடுங்கக்கா, நான் உள்ள வெச்சு எடுத்துட்டு வரேன்" என்று கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். அது என் தப்பு.

ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தான். பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பாப்பா பசியில் அதைப் பிடித்து இழுக்கிறாள். பழக்க தோஷத்தில் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டேன். சுரீரென்றது. அந்தச் சிவப்பு மறுநாள் காலைவரை போகவில்லை. கேட்டால், "மைக்ரோவேவ்ல 30 செகண்ட்தான்க்கா வெச்சேன்" என்கிறான். மைக்ரோவேவ் பாலை ஒரே சீராகச் சூடாக்காது. பாட்டில் வெளியே ஆறினாற்போல் இருக்கும், உள்ளே அங்கங்கே கொதிக்கிற சூட்டில் பால் நிற்கும். அந்த ஒரு வாய் போதும், குழந்தையின் நாக்கும் தொண்டையும் வெந்துபோக. தாய்ப்பாலின் சத்தும் அதில் கெடும். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "எல்லாம் இருக்கு" என்று போனில் சொன்னவர்கள்மேல்தான் கோபம். அரை மணி நேரம் உட்கார்ந்து பிழிந்த பாலை, ஆறவைத்துக் கொடுக்க மனசு வராமல், கை கழுவும் இடத்தில் கொட்டினேன்.

டயப்பர் மாற்ற இடம் என்று அவர்கள் காட்டியது அந்தக் கை கழுவும் இடத்தின் ஈரத் திண்டு. டயப்பர் மாற்றியது, பால் கொடுத்தது எல்லாம் கடைசியில் எங்கள் கார் பின் சீட்டில்தான். அவர் சாப்பிட்டு முடித்ததும் நான் போய், ஆறிப்போனதைத் தின்றேன்.

பில்லைப் பார்த்தால் ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட டேபிள் கட்டணம் 3 பேருக்கு இருக்கிறது. மூன்றாவது ஆள் பாப்பா! "ஹை சேர் போட்டா ஒரு சீட் கணக்கு மேடம்" என்றார் மேனேஜர். மெனுவில் தேடினோம், எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள் என்று என் கணவர் விடாமல் கேட்ட பிறகு, பத்து நிமிடம் கழித்து பாப்பாவின் கட்டணத்தை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

இனிமேல் போனில் "ஹை சேர் இருக்கிறதா" என்று கேட்கப் போவதில்லை. கால் நடுவில் பட்டை இருக்கிறதா, பக்கிள் பூட்டுகிறதா, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்பேன். குழந்தைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவேன். வெந்நீர் வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் வரும், பாட்டில் என் கையை விட்டுப் போகாது. டேபிளைப் பார்த்த பிறகுதான் உட்காருவோம். சமையலறை வழியில் என்றால் நின்றபடியே திரும்பிவிடுவோம்.

மறுநாள் அங்கிருந்து ஒரு மெசேஜ் வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. அந்த நாற்காலிக்கு பெல்ட் மாட்டிவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.