ஏரி, கோட்டை ஒருநாள் டூர்: கும்பகோணத்தில் பணம் கட்டுவதற்கு முன் படிக்கவும்

லீவில் சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வேனில் கிளம்புபவர்களுக்காக இது. டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை. நோட்டீஸைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். பச்சை மலைக்கு நடுவில் நீல ஏரி. டெல்டாவில் ஏதுங்க மலை? அது வீராணமாம்!

தலைக்கு 950 ரூபாய். கங்கைகொண்ட சோழபுரம், வீராணம் ஏரி, தரங்கம்பாடி கோட்டை, மதியச் சாப்பாடு. காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் எட்டரைக்கு வந்தது. நேராக வடக்கே போகாமல் திருபுவனத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றது. "பெண்கள் சும்மா பார்க்கட்டும் சார், பத்தே நிமிஷம்." பதினொரு மணிக்குத்தான் கிளம்பினோம். கல்லாப் பக்கத்தில் டிரைவர் கையில் ஒரு கவர் ஏறியதை அண்ணி பார்த்துவிட்டார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ராஜேந்திர சோழன் கட்டிய விமானத்தை வெளியே வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் வரவேண்டும். நாங்கள் போனது மே மாதம். கரையோரம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பராந்தகன் காலத்து ஏரி என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று, கைடு என்று வந்த பையன் போனில் இருந்தான். மதியச் சாப்பாடு ஆறிப்போன எலுமிச்சைச் சாதம், ஒரு பாக்கெட் ஊறுகாய்.

வயிறு எரிந்தது தரங்கம்பாடியில்தான். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. உள்ளே இருக்கும் மியூசியத்தைப் பார்க்கத்தான் மாமா அத்தனை தூரம் வந்தார். வெள்ளிக்கிழமை வார விடுமுறை, கதவில் பூட்டு. வாரா வாரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாதா? டிரைவரிடம் கேட்டால், "ஓனர் போட்ட ரூட்டு சார். கடல் இருக்கே, காத்து வாங்குங்க."

மறுநாள் பாதிப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டேன். "இடத்தைக் காட்டுறோம்னுதான் சொன்னோம், உள்ளே கூட்டிட்டுப் போறோம்னு எங்கே சொன்னோம்?" என்றார் ஓனர். ரசீது கேட்டதற்கு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதுமே என்கிறார். அதையும் நோட்டீஸையும் வைத்து 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன்.

தரங்கம்பாடி மட்டும் போதும் என்பவர்கள் மயிலாடுதுறையில் பஸ் ஏறிவிடுங்கள். வேன்தான் வேண்டும் என்றால் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு, நடுவில் கடை உண்டா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் போடுங்கள்.