எம்.எஸ். மீடியா தூள்: உருளைக்கிழங்குக்கு எந்தப் பாக்கெட்?

செடித் துண்டுகளைக் கிருமியில்லாத பாட்டிலில் வளர்க்கும் திசு வளர்ப்புக்கான ஊட்டக் கலவை எம்.எஸ். மீடியா: 1962-இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் (அவர்கள் பெயர்களின் முதலெழுத்தே எம்.எஸ்.) புகையிலைத் திசுவுக்கென வகுத்த உப்புக் கலவை இது. உருளைக்கிழங்குக் கணுத் துண்டுக்கு ஹார்மோன் எதுவும் சேர்க்காமலே போதும்: வேர் விட்டு, 3-4 வாரத்தில் அடுத்த வெட்டுக்கு வந்துவிடும்.

சர்க்கரையும் அகாரும் (மீடியாவைக் கெட்டியாக்கும் கடற்பாசிப் பொருள்) கலந்தே வரும் பாக்கெட் சோம்பேறிகளுக்கு வசதி, ஆனால் எதையும் கூட்டிக் குறைக்க வழியில்லை. இரண்டும் இல்லாத, வைட்டமின் சேர்ந்த 1 லிட்டர் பாக்கெட்டே எங்கள் தேர்வு. எடை சுமார் 4.4 கிராம். பாதியை நிறுத்துப் போடாதீர்கள். நுண்சத்துகள் தூளில் சீராகப் பரவியிருக்காது.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது கால்சியம். சில பாக்கெட்டுகளில் கால்சியம் குளோரைடு இருக்காது. லிட்டருக்கு 440 மில்லிகிராம் (இரு நீர் மூலக்கூறு வகை) நாம் சேர்க்க வேண்டும். மறந்தால் குருத்து நுனி கருகும். பூஞ்சை என்று நினைத்துப் பாட்டில்களைக் கொட்டியவர்கள் உண்டு!

800 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் தூளைக் கரைத்து, 30 கிராம் சர்க்கரை சேர்த்து, பி.எச். (அமில-கார அளவு) 5.8-க்குக் கொண்டுவந்து, 1 லிட்டராக்கி, அதன் பிறகே 7-8 கிராம் அகார். 121 டிகிரியில் 15-20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்). அதில் பி.எச். சற்று இறங்கும். முன்பே 5-ஐ ஒட்டி விட்டிருந்தால் மீடியா கெட்டிப்படாமல் கஞ்சியாக நிற்கும். 6-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து சரியாகக் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும். அகாரை மிச்சம் பிடித்தால் தண்டு கண்ணாடிபோல் நீர்கோத்து ஊதும், அந்தச் செடி வெளியே பிழைப்பது அரிது. இலை பொடிப்பொடியாய், தண்டு நூலாய் வந்தால் தூளைத் திட்ட வேண்டாம்: இறுக மூடிய பாட்டிலில் தேங்கிய எத்திலீன் வாயுதான் பெரும்பாலும் காரணம். காற்று வடிகட்டி உள்ள மூடிக்கு மாறுங்கள்.

ஜிப்ரெலிக் அமிலம் (தண்டை நீட்டும் ஹார்மோன்) தேவைப்பட்டால் ஆட்டோகிளேவில் வைக்காமல் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக, மீடியா சூடு தணிந்ததும், கெட்டிப்படும் முன்பே சேர்க்கவும்.

தூள் ஈரம் இழுக்கும். 2-8 டிகிரியில் வையுங்கள். கட்டிபட்ட பாக்கெட்டை வாங்கவே வேண்டாம்.