டோனர் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்னு நம்பி 50 ஷீட் காசு போச்சு

வீட்லயே பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) அடிக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க, வயிறு எரியுது.

சர்க்யூட் படத்த லேசர் பிரிண்டர்ல ஒரு வழவழ தாள்ல அடிச்சு, காப்பர் போர்டு மேல வச்சு அயர்ன்ல தேய்ச்சா டோனர் (பிரிண்டர் மைப்பொடி) காப்பருக்கு மாறிடும், அதுக்கான தாள்தான் இந்த ட்ரான்ஸ்ஃபர் பேப்பர். வழக்கமா நானே பளபள மேகசின் தாள்ல ஸ்டார்ச் கஞ்சி தடவி காயவச்சு அந்த பேப்பர செஞ்சுக்குவேன், ஆனா சில நேரம் கஞ்சி திட்டுத்திட்டா நின்னு தாள் சுருண்டு பிரிண்டர்ல சிக்கும். அந்த சமயத்துல ஒரு ஆன்லைன் விற்பனை ஆப்ல "கையால டெக்ஸ்ட்ரின் பூசின பேப்பர்"னு ஒருத்தன் போட்டிருந்தான் (டெக்ஸ்ட்ரின்னா ஸ்டார்ச்லேருந்து செய்ற, தண்ணில கரையிற பசை). சாம்பிள் ரெண்டு ஷீட் அனுப்பினான். தேய்ச்சு தண்ணில போட்டேன், ஒரு நிமிஷத்துல தாள் தானா கழண்டு மிதக்குது, டோனர் மொத்தமும் காப்பர்ல, 0.3 மிமீ சர்க்யூட் கோடுகூட அறுபடல. அங்கதான் நம்பிட்டேன். அன்னிக்கு ராத்திரியே 50 ஷீட்டுக்கும் முழுக் காசு கட்டிட்டேன்.

வந்தது வேற பேப்பர்ங்க! பாக்க அதே வழவழப்புதான். முதல் ஷீட் லேசர் பிரிண்டருக்குள்ள போச்சு, வெளிய வரல, பிளாஸ்டிக் கருகுற வாடை. மூடியத் திறந்தா ஃபியூசர் ரோலர்ல (டோனர சூட்டுல உருக்கி தாள்ல ஒட்டவைக்கிற உருளை) பூச்சு உருகி பாகு மாதிரி இழை இழையா சுத்திக் கிடக்கு. அது இங்க்ஜெட் ஃபோட்டோ பேப்பர். ஃபியூசர் கிட்டத்தட்ட 200 டிகிரில ஓடுது, பிளாஸ்டிக் பூச்சு எப்படித் தாங்கும்? இன்னொரு ஷீட்ட ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டேன், உரியவே இல்ல.

கேட்டா "உங்க பிரிண்டர் பழசு"ங்கிறான். அப்புறம் "டோனர் ஒரிஜினல் இல்ல". அப்புறம் "கையால செய்றது சார், பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்". ரோலர் ஃபோட்டோ அனுப்பினதுக்கு அப்புறம் பதிலே இல்ல. ஆப் கஸ்டமர் கேர்ல நாலு பேர்கிட்ட முதல்லேருந்து சொன்னேன், கடைசில "கவர் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது"ன்னுட்டாங்க. பிரிக்காம எப்படிங்க பிரிண்ட் எடுக்குறது? 50 ஷீட் காசு, ஒரு போர்டுகூட அடிக்கல.

நல்ல பேப்பர் எப்படி செய்றதுன்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. இத மட்டும் பண்ணுங்க. புதுத் தாள் எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு துண்டு வெட்டி, மேல சாதா வெள்ளத்தாள் வச்சு நல்ல சூட்டுல அயர்ன் பண்ணிப் பாருங்க, ஒட்டுச்சுன்னா பிரிண்டர் பக்கமே கொண்டு போகாதீங்க. சாம்பிள பாத்து மொத்தமா வாங்காதீங்க. பார்சல் பிரிக்கிறத வீடியோ எடுங்க.

ரோலர் இப்ப மேஜைல கழட்டிக் கிடக்கு, ஒட்டினத சுரண்டுனா மேலுறையும் சேந்து கிழிஞ்சு வருது. 50 ஷீட் காசோட பிரிண்டரும் போச்சு.