போர்ஷே கேமனுக்கு எந்த டயர்? பின்சக்கரம்தான் முடிவு செய்கிறது

எங்கள் வீட்டில் இருப்பது 2008 போர்ஷே கேமன் எஸ். 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். வீல் 19 அங்குலம். டயர் முன்னால் 235/35, பின்னால் 265/35; முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. சமீபத்தில் நான்கு டயரையும் மாற்ற வேண்டி வந்தது. கடைசிச் சுற்றில் மூன்று பெயர்கள் மிஞ்சின: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், அதே மிஷெலினின் பழைய பைலட் ஸ்போர்ட் பிஎஸ்2 (போர்ஷே சோதித்து ஏற்றதற்கான ‘என்’ முத்திரையோடு), கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02. நான் வாங்கியது 4எஸ். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், கழித்துக்கட்டியவை. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கார் கராஜில்தான் இருக்கும், பனிக்கு வேறு கார் உண்டு. அதனால் ஆல் சீசன் டயர் எனக்குத் தேவைப்படவில்லை. வருடம் முழுக்க இதே காரில் வேலைக்குப் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆல் சீசனையே போடுங்கள். மிஷெலின் கப் 2 மாதிரி பந்தயத் தடத்துக்கான டயர்கள் காய்ந்த சாலையில் அபாரம். ஆனால் ஜூலை மாத இடிமழையில் கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது அந்த ஆழமில்லாத பட்டனை (டயர் முகத்தின் வரிவெட்டை) நம்பி உட்கார எனக்கு மனமில்லை. பேர் தெரியாத மலிவு டயர் இந்தக் காருக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

மூன்றுமே கோடை டயர்கள், குளிருக்கு ஆகாதவை. மூன்றுமே காய்ந்த சாலையில் நாம் துணிந்து கேட்பதைவிட அதிகமாகத் தரும். பிடிமானத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அலசல் இங்கேயே முடிந்துவிடும். எனக்கு முடிவைத் தீர்மானித்தது பின் டயரின் தேய்மானம்.

இந்தக் காரின் எடையில் ஏறக்குறைய 55 சதவீதம் பின் அச்சின் மேல் இருக்கிறது. எஞ்சினின் இழுவையும் அங்கேதான் போகிறது. போதாததற்குப் பின் வீல்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்தும், முன்முனை சற்றே உட்பக்கம் பார்த்தும் இருக்கும்படி அலைன்மென்ட் வைத்திருக்கிறார்கள். வளைவில் பின்பக்கம் அடங்கி இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதற்கான விலையை டயரின் உள்விளிம்பு கொடுக்கிறது. நிமிர்ந்து நின்று பார்த்தால் இன்னும் பாதிப் பட்டன் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே ரப்பர் மொழுமொழுவென்று இருக்கும். கடைசி வரிப்பள்ளம் நகக்கண் அளவுக்குக்கூட இருக்காது. அதையும் தாண்டி ஓட்டினால் கம்பி விரலில் குத்தும். ஒரு குவார்ட்டர் நாணயத்தைத் தலைகீழாகச் செருகி, வாஷிங்டனின் தலை முழுசாகத் தெரிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை இந்தக் காரில் உள்விளிம்பில்தான் செய்ய வேண்டும். நடுவில் செருகிப் பார்த்தால் நல்ல செய்திதான் வரும்.

முன் டயரைப் பின்னால் போட்டுச் சரிக்கட்டலாம் என்றால் அளவே வேறு. கணக்குப் போட்டால் பின் டயரின் விட்டம் முன் டயரைவிட 21 மில்லிமீட்டர் அதிகம். ஆக, முன் ஜோடி ஒன்று தேய்வதற்குள் பின் ஜோடி இரண்டு தீரும். இது என் அனுபவம் மட்டும் இல்லை. மிஷெலின் 4எஸ்ஸுக்கு 30,000 மைல் உத்தரவாதம் தருகிறது. முன்னும் பின்னும் வேறு வேறு அளவாக இருந்தால் பின் டயருக்கு மட்டும் அதில் பாதி. கம்பெனிக்கே தெரிந்த விஷயம் இது.

அப்படியானால் இரண்டு மூன்று வருடம் கழித்து நாம் மறுபடி கடைக்குப் போவோம், பின் ஜோடி மட்டும் வாங்க. அப்போது அதே டயர் கிடைக்குமா? வேறு ஏதாவது ஒன்றைப் பின்னால் மாட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முன் எஞ்சின் செடானில் ஒருவேளை சமாளிக்கலாம். இங்கே எடை முழுக்கக் காரின் நடுவில் குவிந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புவது அதனால்தான். பின்பக்கம் பிடி விட்டால் கார் அதே சுறுசுறுப்போடு சுற்றவும் செய்யும். ஈரமான வளைவில் பாதியில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிறது. அந்த நேரத்தில் முன் டயருக்கு ஒரு குணம், பின் டயருக்கு வேறு குணம் என்றால் நிலை தப்பும் கணத்தை முன்கூட்டியே உணர முடியாது. எலக்ட்ரானிக்ஸ் காப்பாற்றும்தான், எப்போதும் இல்லை. போர்ஷேயும் நான்கிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இனி அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம்.

‘என்’ முத்திரைக்காரர்கள் கட்சி பலமானது. போர்ஷே ஒரு டயரைச் சோதித்து ஏற்றுக்கொண்டால் அதன் பக்கத்தில் ‘என்0’ என்று பொறிப்பார்கள். பிறகு டயர் கம்பெனி அதில் மாற்றம் செய்து மறுபடி ஒப்புதல் வாங்கினால் ‘என்1’, ‘என்2’ என்று எண் ஏறும். இந்த முத்திரையின் பெரிய லாபம், பழைய கார்களுக்காக அந்த டயர்களை நெடுங்காலம் செய்துகொண்டே இருப்பது. பிஎஸ்2 இருபது வருடத்துக்கு முன் வந்த வடிவம். அதற்குப் பிறகு மிஷெலின் இரண்டு தலைமுறை தாண்டிய பின்னும் போர்ஷே அளவுகளில் அது விற்பனையில் இருந்தது. பின் ஜோடி கிடைக்குமா என்ற கேள்விக்கு இதுதான் சரியான பதில் என்று முதலில் நானும் நினைத்தேன்.

விசாரித்தபோது இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. ஒன்று, எண்ணும் ஒத்துப்போக வேண்டும். முன்னால் ‘என்1’, பின்னால் ‘என்2’ என்று கலப்பது அந்த விதிமுறைப்படியே கூடாது. நாம் அடுத்த முறை போகும்போது எண் ஏறியிருந்தால் நான்கும் வாங்கு என்ற இடத்துக்கே வந்து சேர்கிறோம். இரண்டு, குறைவாக விற்கும் டயர் கிடங்கில் அதிக நாள் கிடக்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் டிஓடி எண்ணின் (தயாரிப்பு விவர எண்) கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. எனக்குக் கிடைக்கவிருந்த பிஎஸ்2 ஜோடிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் தயாரிப்புத் தேதியில் நல்ல இடைவெளி இருந்தது. என்னைப்போல் வருடத்துக்கு ஐயாயிரம் மைல் அளவுக்கு ஓட்டுகிறவர்களுக்கு முன் டயர் தேய்ந்து சாகாது, வயதாகித்தான் சாகும். ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். அதில் ஒன்றரை இரண்டு வருடத்தைக் கிடங்கிலேயே தொலைத்த டயரை முழு விலை கொடுத்து வாங்குவானேன்? பிஎஸ்2 மூன்றிலும் விலை அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கின் உயிர்ப்பில் பிஎஸ்2 ஒரு படி மேல் என்று பல பழைய போர்ஷேக்காரர்கள் சொல்கிறார்கள். புது பிஎஸ்2-வில் நான் ஓட்டியதில்லை. வயதான பிஎஸ்2 இருந்த காரில் ஓட்டியதை வைத்து அதை மறுக்க மாட்டேன். இன்னொன்று, காரை டீலரிடமே கொடுத்து மாற்றிக்கொள்ளும் திட்டம் இருந்தால், அல்லது போர்ஷேயின் சான்றளிக்கப்பட்ட பழைய கார் வாரன்டி வேண்டும் என்றால், சோதனையில் ‘என்’ எழுத்தைத் தேடுவார்கள். அவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, முத்திரை டயரையே வாங்கிவிடுங்கள்.

சரி, முத்திரை இல்லாத டயருக்குத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? இங்கேதான் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. ஒரு டயர் அளவை உயிரோடு வைத்திருப்பது நம்முடைய கார் இல்லை, அதே அளவைப் போடும் மற்ற கார்கள். 235/35-19 என்பது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் போடுகிற அளவு. 265/35-19 என்பது இ92 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3-இன் பின் டயர். கேமனை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் டயர் கம்பெனிக்குப் பொருட்டே இல்லை. கோல்ஃப்காரர்களும் எம்3காரர்களும் இருக்கும்வரை நமக்குக் கவலை குறைவு. லோட்டஸ் எலீஸ்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. முன்னால் 175/55-16; அந்த அளவை உலகத்தில் வேறு யார் தேடப்போகிறார்கள்? இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், 19 அங்குல வீல் வெறும் அலங்காரம் என்று கேலி செய்கிறவர்களுக்கும் ஒரு பதில் கிடைக்கிறது.

இந்த வாதம் கான்டினென்டலுக்கும் பொருந்தும், அதே அளவுகள் அதிலும் உண்டு. விலையும் நான் பார்த்தபோது டயருக்கு முப்பது நாற்பது டாலர் குறைவு. பட்டனில் ‘டி’, ‘டபிள்யூ’ என்று இரண்டு எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். ‘டபிள்யூ’ அழிந்துவிட்டால் இனி மழையில் ஜாக்கிரதை என்று பொருள். நல்ல யோசனை, மற்றவர்களும் செய்யலாம். தேய்மான எண்ணிலும் (அதிகமானால் டயர் மெதுவாகத் தேயும் என்று கணக்கு) கான்டினென்டல் 340, 4எஸ் 300, பிஎஸ்2 220. ஆனால் இந்த எண்ணை வைத்து யாரும் சண்டை போட வேண்டாம். டெக்சஸில் சான் ஆஞ்சலோ பக்கம் 7,200 மைல் ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதியைக் கம்பெனியே கணித்துத் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிடலாம். வேறு வேறு கம்பெனி என்றால் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

பிறகு ஏன் 4எஸ்? எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் வரிசை வட அமெரிக்காவுக்கு மட்டும் செய்வது. 4எஸ் உலகம் முழுக்க விற்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதே அளவை வாங்குகிறார்கள். ஓர் ஊரில் விற்பனை குறைந்தால் அளவைத் தூக்கிவிடும் ஆபத்து அதில் குறைவு என்பது என் கணிப்பு. கணிப்புதான், உத்தரவாதம் இல்லை. 4எஸ்ஸும் 2017-இல் வந்தது, அதற்கும் ஒருநாள் ஓய்வு வரும். ஆனால் எனக்குத் தேவை ஒரே ஒரு மறுகொள்முதல். இப்போது நான்கு, சுமார் மூன்று வருடத்தில் பின் ஜோடி, ஆறாவது வருடத்தில் எல்லாமே வயதாகி மறுபடி நான்கு. இடையில் அந்த ஒரு ஜோடி கிடைத்தால் போதும்.

ஓட்டத்தில் 4எஸ் எப்படி என்றால், மழையில்தான் அதன் அருமை தெரிகிறது. டெலவேர் ஆற்றை ஒட்டி ஃப்ரெஞ்ச்டவுன் வரை போகும் 29-ஆம் எண் சாலையில், மரநிழலில் ஈரம் காயாத வளைவுகள் உண்டு. தேய்ந்த பழைய டயரில் அங்கே ஸ்டீயரிங் கையில் லேசாகிப் போகும். இப்போது அப்படி இல்லை, காய்ந்த தாருக்கும் ஈரத் தாருக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரிகிறது, பயமாக மாறுவதில்லை. வெளிப்பாதியில் ஒரு கலவை, உள்பாதியில் மழைக்கான வேறு கலவை என்று இரண்டு ரப்பர் வைத்திருப்பதாக மிஷெலின் சொல்கிறது. குறை என்று பார்த்தால், பழைய கான்கிரீட் நெடுஞ்சாலையில் பின்பக்கமிருந்து ஓர் இரைச்சல் உண்டு. நவம்பர் காலையில், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, முதல் சில மைல்களுக்கு டயர் கட்டை மாதிரி இருக்கும். இது மூன்றுக்கும் பொதுவான குறைதான். கான்டினென்டல் குண்டு குழிகளில் இதைவிட மென்மை என்கிறார்கள். நண்பரின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனபோது எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் அது வேறு கார், வேறு சஸ்பென்ஷன். தடத்தில் சூடேறினால் எது முதலில் துவளும் என்ற கேள்விக்கு என்னிடம் சரக்கு இல்லை.

எதை வாங்கினாலும் சில வேலைகளைச் சேர்த்து முடித்துவிடுங்கள். டயர் ரிம்மிலிருந்து கழன்றிருக்கும்போதே காற்றழுத்த சென்சாரையும் மாற்றுங்கள். இந்த வயதுக் காரில் அதன் பேட்டரி போகும் காலம், பேட்டரியை மட்டும் மாற்றவும் வழியில்லை. வீல் போல்ட்டை முடுக்கும் இயந்திரத்தால் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 130 நியூட்டன் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இல்லாத கார் இது, பஞ்சரை அடைக்கும் பசை டப்பாவும் சின்ன கம்ப்ரஸரும்தான். டப்பாவின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அப்புறம் அலைன்மென்ட். புது டயர் போட்ட கையோடு செய்யாவிட்டால் உள்விளிம்பு மறுபடி அதே கதைதான். பின்பக்கச் சாய்வைவிட, முன்முனை உள்நோக்கும் அளவு கொஞ்சம் அதிகமானாலே ரப்பரை வேகமாகத் தின்னும். அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின் டயரில் பட்டன் 4/32 அங்குலத்துக்கு இறங்கியதுமே அதே 4எஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று தேட ஆரம்பிப்பதாக இருக்கிறேன், 2/32 வரை காத்திருக்கப்போவதில்லை.