தாய்லாந்து ராணுவப் புரட்சி: முதலில் படிக்க வேண்டியது 2006-ஆ, 2014-ஆ?

கைப்பற்றிய விதம்
2006: செப்டம்பர் 19 இரவு, பிரதமர் தக்சின் நியூயார்க்கில் இருந்த நேரம் பார்த்து பாங்காக்கில் டாங்குகள் இறங்கின.
2014: மே 20 ராணுவச் சட்டம். மே 22 அன்று, பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர்களை அங்கேயே பிடித்துவைத்து ஆட்சியை எடுத்துக்கொண்டார் தளபதி பிரயுத்.

அடுத்த தேர்தல்
2006: 15 மாதத்தில்.
2014: ஏறத்தாழ 5 ஆண்டு கழித்து.

விட்டுச்சென்ற பிடி
2006: பலவீனம். 2007 தேர்தலில் தக்சின் ஆதரவுக் கட்சியே வென்றது.
2014: இதுதான் முக்கியம். 2017 அரசியலமைப்பு, ராணுவ ஆட்சி நியமித்த செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) 250 பேருக்கு, 500 எம்.பி.க்களோடு சேர்ந்து பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை 5 ஆண்டுக்குக் கொடுத்தது. அதனால்தான் 2023-இல் அதிக இடங்களை வென்ற கட்சியின் தலைவர் பிடா, 324 வாக்கு பெற்றும் பிரதமராக முடியவில்லை. மக்கள் தீர்ப்புக்கு நேர்ந்த அநியாயம் இது.

மஞ்சள் சட்டை (தக்சின் எதிர்ப்பாளர்கள்), சிவப்புச் சட்டை (தக்சின் ஆதரவாளர்கள்) மோதலின் வேர் தெரிய 2006. இன்றைய நாடாளுமன்றம் புரிய 2014.