சீப்பைக் கையில் கொடுத்த வீடு

பெர்சியன் பூனை வேண்டும் என்று என் மகளுக்கு இரண்டு வருட ஆசை. எட்டாம் வகுப்பு முடிக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். முடித்துவிட்டாள். மார்ச் கடைசியில் தேட ஆரம்பித்தோம்.

முதலில் போனது ஒரு கடைக்கு. கண்ணாடிக் கூண்டில் ஐந்து குட்டிகள். "டால் ஃபேஸ் பன்னிரண்டு, பஞ்ச் ஃபேஸ் இருபத்தஞ்சு, ட்ரிபிள் கோட் கேரண்டி" என்றார் கடைக்காரர். டால் ஃபேஸ் என்றால் மூக்கு தெரியும் முகம், பஞ்ச் ஃபேஸ் என்றால் தட்டை முகம், ட்ரிபிள் கோட் என்றால் மூன்று அடுக்கு முடி; விலை ஆயிரத்தில். தாய்ப்பூனையைப் பார்க்கலாமா என்றால், வெளியூரில் இருக்கிறது என்றார். ஒரு குட்டியின் காதுக்குப் பின்னால் வட்டமாக முடி கொட்டி, தோல் செதிலாக இருந்தது. படர்தாமரை என்று சந்தேகம் வந்தது. அது மனிதருக்கும் தொற்றும். குட்டிகளின் வயதைக் கேட்டேன், 35 நாள். பன்னிரண்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டியவை அவை. மகள் வருத்தப்பட்டாலும் கிளம்பிவிட்டோம்.

அப்புறம் தெரிந்தவர் மூலமாகக் கிடைத்ததுதான் தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் இந்த வீடு. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், ஆறு பூனைகள். குட்டி எடுப்பவர்கள் குறைந்தது மூன்று முறை வந்து போக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. போனில் கேட்டபோது அதிகப்படியாகத்தான் தோன்றியது.

முதல் நாள் குட்டியையே காட்டவில்லை. வெண்ணெய் என்ற நாலு வயது பெண் பூனையை மகளின் மடியில் வைத்து, ஒரு ஸ்டீல் சீப்பைக் கையில் கொடுத்தார். முதுகை வாருவது சுலபம். வயிறு, காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, இங்கேதான் சிக்கு விழுகிறது. விட்டுவிட்டால் கம்பளி மாதிரி இறுகித் தோலை இழுக்குமாம். ட்ரிபிள் கோட் பற்றிக் கேட்டேன். "அடிமுடி, மேல்முடி, ரெண்டே அடுக்குதாம்மா. மூணாவது வியாபாரம்" என்றார். வாரி முடிக்க இருபது நிமிடம், வெந்நீரில் நனைத்த பஞ்சால் கண்ணோரம் துடைக்க இன்னும் ஐந்து. "இதைத் தினமும் செய்வீங்களா? இப்ப பதில் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசிங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வீட்டை யாருக்கும் சொல்வேன்.

இரண்டாவது முறை, ஏப்ரலில், மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார். வேண்டுமென்றேதான். பூனைகள் எல்லாம் குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தன. அதில் ஒரு ஆண் பூனைக்கு முகம் தட்டையாக, மூக்கு இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு இருந்தது. மூச்சு விடும் சத்தம் ஹாலில் கேட்டது. மூக்குத் துவாரம் குறுகல், கண்ணீர் வடியும் குழாயும் மடங்கிப்போவதால் கன்னமெல்லாம் ஈரம். உண்மையைச் சொன்னால், நான் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது அந்த முகத்துக்குத்தான். பழைய பெர்சியன்களுக்கு மூக்கு இருந்தது. தட்டை முகம் போன நூற்றாண்டில் வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது. சென்னை வெயிலில் அதைப் பார்த்தபிறகு எனக்கு அந்த ஆசை போய்விட்டது. அவனை இணை சேர்ப்பதை அந்த நர்ஸ் அக்கா நிறுத்திவிட்டார்.

மூன்றாவது முறைதான் எனக்குக் குறை தெரிந்தது. பெர்சியன்களுக்குப் பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டிகள் மெதுவாக வளர்வதால் பல பூனைகளில் ஏழு வயதுவாக்கில்தான் நோய் வெளியே தெரியும். பத்து மாதம் தாண்டிய பூனைக்கு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம், மரபணுச் சோதனையும் உண்டு. தன் பெண் பூனைகளுக்கெல்லாம் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டுகளை ஃபைலில் வைத்திருக்கிறார். ஆனால் குட்டிகளின் தகப்பன் வேறு வீட்டுப் பூனை, அதற்கு எந்தக் காகிதமும் இல்லை. இவ்வளவு அக்கறை உள்ளவர் இதை விட்டிருக்கக் கூடாது. நேரடியாகவே சொன்னேன். கோபப்படவில்லை, அடுத்த ஈற்றுக்கு முன் எடுக்க வைக்கிறேன் என்றார்.

குட்டி வேண்டாம், வெண்ணெய் கிடைக்குமா என்று கேட்டது மகள்தான். இரண்டு ஈற்று முடிந்து, கருத்தடை ஆபரேஷனும் ஆகியிருந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை. குட்டிக்கு 15,000 சொன்னவர், வெண்ணெய்க்கு ஆபரேஷன் செலவு 4,500 மட்டும் வாங்கிக்கொண்டார். தடுப்பூசி அட்டையும் அந்த ஸ்டீல் சீப்பும் கூடவே வந்தன.

வேறு சில குறைகளும் உண்டு. சாயங்காலம் ஆறு மணி வரை போன் எடுக்க மாட்டார். பூனைகள் மலஜலம் கழிக்கும் மண் பெட்டிகள் இருக்கும் அறை சின்னது, நாற்றம் அடிக்கிறது. பூனைகளுக்குக் கோழியும் சோறும் பிசைந்து போடுகிறார். அது மட்டும் போதாது, பூனைகளுக்கு அவசியமான டாரின் என்ற சத்துக்காக முழுமையான பூனை உணவு கொடுங்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னதால் மெதுவாக மாற்றினோம்.

முதல் மூன்று நாள் வெண்ணெய் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். நாலாம் நாள் ராத்திரி எட்டரைக்கு மகள் சீப்பை எடுத்ததும் தானாக வெளியே வந்து உட்கார்ந்தாள். இப்போது தினமும் அதே நேரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்கிறார், முன்னங்கால் இடுக்கைப் பார்த்தீங்களா என்று.