துவாலு: நிலத்தை உயர்த்துவதா, ஆஸ்திரேலியாவுக்குப் போவதா?

பசிபிக்கில் ஒன்பது தீவுகள், சுமார் 11,000 பேர். கடல் ஏற ஏற, துவாலு மக்கள் முன் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இருக்கும் இடத்திலேயே நிலத்தை உயர்த்துவது. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் காயலிலிருந்து மணலை அள்ளிக் கொட்டி, சுமார் 7 ஹெக்டேர் புது நிலம் உருவாக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், உலக நாடுகளின் பணம் முதலில் இதற்குத்தான் போகவேண்டும். கரையில் சுவர் கட்டினால் மட்டும் போதாதா என்று தோன்றலாம். போதாது. அங்கே பெரிய ஓதம் (கடல்நீர் ஏற்றம்) வந்தால், பவளப்பாறைத் தரையின் துளைகள் வழியாகவே உப்புநீர் வீட்டு வாசலில் ஊறி வரும். புலாகா என்ற சேம்பு வகைக் கிழங்கை, நன்னீர் ஊறும் ஆழம்வரை குழி தோண்டித்தான் வளர்ப்பார்கள். அந்தக் குழியில் உப்பேறிவிட்டால் பயிர் போச்சு. அப்புறம் கடையில் வாங்கும் அரிசிதான்.

இன்னொரு வழி, 2023-இல் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தம். ஆண்டுக்கு 280 பேர்வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். குலுக்கலில் தேர்வு. வேலை, படிப்பு, மருத்துவ வசதி எல்லாம் உண்டு; ஊருக்கு வந்து போகவும் தடையில்லை. 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கே, குடும்பத்தினரையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டின் பெரும்பாலோர் பதிவு செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு சின்ன நாட்டில் சில ஆசிரியர்களும் நர்ஸுகளும் கிளம்பினாலே, மீதமிருப்பவர்களின் பள்ளியும் மருத்துவமனையும் தள்ளாடிவிடும்.